காத்துக்குத் தப்புற எடை

கதை சொன்னதுக்கு மெமோ வாங்குன ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பனுங்க. நம்புலீன்னா பாருங்க, பையிலயே வெச்சிருக்கறேன். "குழந்தைகளிடம் அச்சமூட்டும் கற்பனைக் கதைகளைக் கூறி, எடைப் பதிவேட்டில் பிழை ஏற்படக் காரணமாக இருந்தமைக்கு…" இப்படிப் போகுதுங்க. கீழ இன்னும் நெறையா இருக்குது. நான் அஞ்சாவது முடிச்சவ, படிக்க வரும். படிச்சா நான் என்னமோ பேங்கைக் கொள்ளையடிச்சவளாட்ட இருக்குது.

சித்தெ நகுந்துக்கங்க அம்மிணி, பையைக் காலடில வெச்சுக்கறேன். ஆமாங்க, பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புலதான் எறங்கோணும். எனக்கு ஒண்ணுமில்லீங்க, குண்டுக்கல்லாட்ட இருக்கறேன். ஒரு புள்ளையப் பாக்கப் போறேன். துளசிமணின்னு பேரு, நாலு வயசு. எட்டு நாளா அங்கதான் படுத்துருக்குது. வாயில ஒரு பருக்கை வாங்க மாட்டேங்குது. மூக்குல குழாய் போட்டுப் பாலு உடறாங்க, அதையும் புடுங்கிப் போடுதாம். நேத்து அவங்கம்மா போன் பண்ணுச்சு. "நீங்க வந்து சொன்னாத்தான் திங்கும் ஆயம்மா, ஒருக்கா வாங்க"ன்னு. டீச்சரைக் கூப்புடுலீங்க. மெமோ குடுத்தவங்களையும் கூப்புடுலீங்க. என்னையத்தான் கூப்புட்டாங்க. அதைக் கவனிச்சுக்கங்க.

நான் அங்கன்வாடில ஆயாவுங்க. நெடுங்காட்டுப்பாளையம் மையம். பத்தொம்பது வருச சர்வீசு. பேரு மாராத்தா. எங்கூரு பூராத் தறிங்க. பொழுது விடிஞ்சாப் பொம்பளைக எல்லாம் புள்ளைகளைக் கொண்டாந்து எங்ககிட்டத் தள்ளிப்போட்டு தறிக்கு ஓடிருவாங்க. டீச்சரு பேரு சண்முகவடிவு. எழுதறது பூரா அவங்க. ஆக்கறது, ஊட்டறது, கழுவி உடறது, தூங்க வெக்கறது நானு. கதை சொல்றது யாரு வேலைன்னு எங்கியும் எழுதியிருக்குலீங்க. அதனால நானே எடுத்துக்கிட்டேன்.

டீச்சருக்கும் கதை உண்டுங்க. ஆபீசுலருந்து சார்ட்டு குடுத்துருக்காங்க. ஒரு யானை, ஒரு அணிலு, கடைசில ஒத்துமையா இருக்கோணும்னு முடியும். புள்ளைக கொட்டாவி உடும். என்ற கதைக்குச் சார்ட்டும் கெடையாது, ஒத்துமையும் கெடையாது. பாத்தரம் தேய்க்கறப்ப நானாக் கட்டறது. வெளக்குமாத்துக்குக் கலியாணம் பண்ணி வெச்ச கதை ஒண்ணு இருக்குது. மாப்பள மொறம். மொறத்து வூட்டுக்காரங்க பந்தில பாயாசம் வெக்குலீன்னு கோவிச்சுக்கிட்டு மூலைல போயி நின்னுக்குவாங்க. அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு சட்டி சோறு காலியாயிரும். மொறம் சமாதானம் ஆகறதுக்குள்ள தட்டும் கழுவிருவேன்.

என்ற வழக்கம் ரெண்டே ரெண்டுதானுங்க. கேக்கற புள்ளையோட பேரு கதைக்குள்ளாற வரோணும். அப்பறம் கொஞ்சம் பயம் இருக்கோணும், கொழம்புக்கு உப்பாட்ட. பயமில்லாத கதைய எந்தப் புள்ளையும் ரெண்டாந்தரம் கேக்காது. இது நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்லீங்க, ஊட்டித் தெரிஞ்சுக்கிட்டது.

இப்ப எடை பாக்கற கதைக்கு வாரேன். மாசத்துல ஒரு நாளு எல்லாப் புள்ளைக்கும் எடை பாக்கோணும். எங்க தராசு கடைத் தராசாட்ட இருக்காதுங்க. உத்தரத்துல கட்டித் தொங்கவுட்டுருக்கும். கடியாரமாட்ட வட்டமா ஒரு மூஞ்சி, அதுக்குக் கீழ கொக்கி, கொக்கில ஜட்டியாட்ட ஒரு துணிப்பை. புள்ளையத் தூக்கி அந்தப் பையில காலை நொழச்சு உட்டா அந்தரத்துல தொங்கும். தொங்குனா அழுவும். ஒண்ணு அழுதா இருவத்திரண்டும் அழுவும். "சரியாப் புடிங்க மாராத்தா, முள்ளு ஆடுது"ம்பாங்க டீச்சரு. "முள்ளா ஆடுது? புள்ளையல்ல ஆடுது"ம்பேன். அவங்க எழுதற எடத்துல உக்கோந்துருப்பாங்க. தூக்கறது நானு. பத்தொம்பது வருசமா நாந்தான் தூக்கறேன்.

எடையைச் சார்ட்டுல புள்ளி வெப்பாங்க. பச்சையில வந்தா நல்ல புள்ள. மஞ்சள்ல வந்தா கொறச்சலு. செவப்புல வந்தா ஆகாது, அந்தப் புள்ளைக்குச் சத்துமாவு எச்சாக் குடுத்து, ஆஸ்பத்திரிக்கு எழுதி, டாக்டருகிட்டக் காமிக்கோணும். எங்க மையத்துல செவப்பு மூணு. அதுல துளசிமணியும் ஒண்ணு.

வைகாசிக் கடைசில எடை பாக்கற நாளு வந்துச்சு. அன்னிக்குக் காத்துன்னாக் காத்து. நம்ம பக்கந் தெரியுமில்லீங்க, கணவாய்க் காத்து கெளம்பிருச்சுன்னா கொடில போட்ட சேலை அடுத்த ஊருக்குப் போயிரும். ஜன்னலு படபடன்னு அடிக்குது, தராசு தானாவே ஆடுது. புள்ளைக ஒண்ணும் கிட்ட வர மாட்டேங்குது. டீச்சரு முட்டாயக் காமிச்சுப் பாத்தாங்க. மூஞ்சியச் சிரிச்சாப்புல வெச்சுக்கிட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகுலீங்க. நான் மொளகாய் கிள்ளிட்டு இருந்தேன். கிள்ளறதை நிறுத்துலீங்க. அப்பிடியே ஆரம்பிச்சேன்.

சூறாத்தான்னு ஒருத்தி இருக்கறா. அவ தலைமயிரு வானத்துக்கும் பூமிக்கும் இருக்கும். காத்துக் காலத்துல கெளம்பி, ஆடி முடியற வரைக்கும் ஊரூரா வருவா. ஒவ்வொரு புள்ளையா ஒத்தை வெரல்ல தூக்கிப் பாப்பா. கனமா இருந்தா, "ஐயோ என்ற இடுப்பே"ன்னு கீழ வெச்சுப்போட்டுப் போயிருவா. லேசா இருந்தா மடில கட்டிக்கிட்டுப் போயிருவா. அதுக்காகத்தான் கவர்மெண்டு இந்தத் தராசைக் குடுத்துருக்குது. யாரு தப்பிச்சுக்குவா, யாரு மாட்டிக்குவான்னு முன்னாலயே பாத்துச் சொல்றதுக்கு.

நல்லா இருக்குதில்லீங்க? மொளகாய் கிள்ளிட்டே கட்டுனது.

கவின்னு ஒரு பையன். தறிக்காரரு மவன். எதைச் சொன்னாலும் ருசு கேப்பான், அத்தாட்சி இல்லாம நம்ப மாட்டான். "யாரைத் தூக்கிட்டுப் போயிருக்கறா?"ன்னான். ருசு இல்லீன்னா அந்தக் கதை அங்கியே செத்துரும். என்ற கண்ணு துளசி மேல போச்சு. அந்தப் புள்ளைக்குப் போன வருசம் ஆடில ஒரு தம்பி பொறந்துச்சுங்க. கொறைமாசம். ஒண்ணேகாலு கிலோத்தான். இருவத்தோரு நாளு கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்க, உசுரு நிக்குலீங்க. "ஏன், துளசியோட தம்பியத் தூக்கிட்டுப் போனது யாரு? சூறாத்தாதான?"ன்னேன்.

துளசி என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சு நேரா தராசுக்கிட்ட வந்து, ரெண்டு கையையும் மேல தூக்கி, "என்னைய மொதல்ல பாருங்க ஆயம்மா"ன்னுச்சு. பத்தொம்பது வருசத்துல எந்தப் புள்ளையும் அப்பிடி வந்ததில்லீங்க. அரை மணி நேரத்துல இருவத்திரண்டு புள்ளையும் எடை பாத்து முடிச்சோம். முள்ளு ஆடவே இல்லை. டீச்சரே, "என்ன மாராத்தா, மந்திரம் போட்டீங்களா?"ன்னாங்க.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? நான் பொய் சொல்லுலீங்க. எடை பத்தாமத்தான அந்தப் புள்ள போச்சு. சூறாத்தா மட்டுந்தான் நானாக் கட்டுனது. மத்தது நெசம்.

அதுக்கப்பறம் புள்ளைக தின்ன தீனி இருக்குதுங்களே! கொழுக்கட்டையில ஒரு துணுக்கு கீழ உளுகாது. முட்டை போடற நாள்ல மஞ்சக்கரு வேண்டாம்னு துப்பற புள்ளைகூட ஓட்டுல ஒட்டுனதை வழிச்சுத் திங்குது. வெளிய காத்து சத்தம் கேட்டாப் போதும், இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு தட்டை நீட்டும். நான் ஊட்டவே வேண்டீதில்லை.

ஆனி மாசம் எடை பாத்தா எல்லாம் ஏறியிருக்குது. ஆடி பொறந்து பாத்தா அதுக்கும் மேல ஏறியிருக்குது. செவப்பு மூணும் பச்சையாயிருச்சு. துளசி பத்தரைக் கிலோவுல இருந்தது பன்னெண்டே முக்கால். எனக்குத் தூக்கித் தூக்கி இடுப்பே புடிச்சுக்கிச்சுங்க. தைலம் தேச்சுக்கிட்டேன். வலிச்சாலும் சந்தோசந்தான், புள்ளைக தேறிருச்சேன்னு.

மெமோவுல பாக்கெட்டுன்னு ஒண்ணு போட்டுருக்குதுங்க. அதையும் சொல்லிப்போடறேன், இல்லீன்னா மறைச்சேன்னு ஆயிரும். துளசி ஒரு நாளு வந்து, "ஆயம்மா, என்ற உள்பாவாடைல ரெண்டு பாக்கெட்டு வெச்சுக் குடுங்க"ன்னு கேட்டுச்சு. வெச்சுக் குடுத்தேன். கெட்டியாத் தெய்யுங்கன்னுச்சு. ரெட்டைத் தையலு போட்டேன். உள்பாவாடைக்கு எதுக்குடி பாக்கெட்டுன்னு கேக்கற பழக்கம் எனக்கில்லீங்க. புள்ளை ஆசையா ஒண்ணு கேட்டாச் செஞ்சு குடுத்துருவேன். அது தப்பா?

எடை ஏறுனதுக்கு டீச்சருக்குப் பொன்னாடை போத்துனாங்க. சூப்பர்வைசரம்மா வந்து போட்டோ எடுத்து குரூப்புல போட்டாங்க. "தாய்மாருக்கு விழிப்புணர்வு ஊட்டிச் சாதனை"ன்னு எழுதியிருந்துச்சு. நான் அந்தப் போட்டோவுல இருக்கறேன். கதவோரம் என்ற முழங்கை தெரியும். சூறாத்தா பேரு எங்கியும் வருலீங்க. அது போகட்டும். சிறந்த மையத்துக்கு எங்க பேரு போயிருச்சு.

போனதுதான் வெனை. ஆடி மூணாவது வாரம் பெரிய ஆபீசரம்மா ஒருத்தங்க நேர்ல பாக்கறதுக்கு வந்தாங்க. எளவயசு. கையோட புதுசா ஒரு மிசினு கொண்டாந்தாங்க, தரைல வெச்சு ஏறி நிக்கறது, நம்பரு தானா எரியும். எடை பாக்கற நாளுன்னு புள்ளைகளுக்கு மொத நாளே சொல்லி உட்டுருந்தோம். எல்லாம் ரெடியாத்தான் வந்துருந்துச்சு.

மொதல்ல கவின் ஏறி நின்னான். பத்தொம்பதே முக்காக் கிலோ. அந்தம்மா மிசினைப் பாத்தாங்க. கவினைப் பாத்தாங்க. அவன் ஓணானாட்ட நிக்கறான்.

"தம்பி, சட்டையக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்குனான். அரணாக்கவுத்துல ஒரு சுருக்குப்பை தொங்குது. உள்ளாற தறில பாரத்துக்குத் தொங்கவுடற இரும்புக்கல்லு மூணு. அப்பறம் ஒவ்வொண்ணா வந்துச்சுங்க. கால்சட்டைப் பைல ஜல்லி. சாக்ஸுக்குள்ள நட்டு. ஒரு பொட்டப்புள்ள ரெட்டைச் சடைல ரெண்டு போல்ட்டு வெச்சுப் பின்னியிருக்குது, அவங்கம்மா எப்பிடிப் பாக்காமப் போனாளோ. எல்லாத்தையும் குமிச்சு அதே மிசின்ல வெச்சாங்க. இருவத்தாறு கிலோ. எங்க மையத்துல ரெண்டு புள்ளை எச்சா இருந்துருக்குது, நாங்க கவனிக்குலீங்க.

துளசி பாவாடைல ரெண்டு கல்லு. ரெட்டைத் தையலுங்கறதால அத்துக்கிட்டு உளுகுலீங்க. கல்லை எடுத்துட்டுப் பாத்தா பத்தே காலு கிலோ. முன்ன இருந்ததைவிடக் காக் கிலோ கொறச்சலு. ரெண்டு மாசமா பச்சையில எழுதிட்டு வந்ததால அதுக்கு எச்சு மாவும் போகுலீங்க, ஆஸ்பத்திரிச் சீட்டும் போகுலீங்க.

அந்த ஆபீசரம்மா கீழ மண்டி போட்டு உக்கோந்து, "எதுக்கு கண்ணு கல்லு வெச்சுக்கிட்டீங்க?"ன்னு கேட்டாங்க. இருவத்திரண்டும் ஒண்ணாச் சொல்லுதுங்க, "சூறாத்தா தூக்கிட்டுப் போயிருவா!" பாட்டாட்டச் சொல்லுது. துளசி மட்டும் தனியாச் சொல்லுச்சு, "என்ற தம்பியத் தூக்கிட்டுப் போயிட்டா."

எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. நான் முட்டை உரிச்சுட்டு இருந்தேன்.

அதுக்குத்தான் இந்த மெமோ. டீச்சரும் ஒரு லெட்டரு எழுதிக் குடுத்துருக்காங்க. "எடையைச் சரிபார்க்காதது என் தவறு, உதவியாளரை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்"ன்னு. பாத்தீங்களா? பொன்னாடையத்தான் பங்கு வெக்காம வாங்குனாங்க. தப்புலயும் பங்குக்கு வாராங்க.

கல்லையெல்லாம் ஒரு சாக்குல கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களா, அடுத்த நாளு பாக்கோணுமே! புள்ளைக வாசலைத் தாண்டி வர மாட்டேங்குது. வெளிய ஒண்ணுக்குப் போறதுக்கு ஒண்ணையொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு ரயிலாட்டப் போகுது. கவின் ஜன்னல் கம்பியப் புடிச்சவன் மத்தியானம் வரைக்கும் உடுலீங்க, அப்பிடியே நின்னாப்புல ஊட்டி உட்டேன். சூப்பர்வைசரம்மா போன் பண்ணி, "நீங்க சொல்லி வெச்ச கதைய நீங்கதான் மாத்தோணும்"ன்னு கத்தறாங்க.

மாத்தறது ஒண்ணும் எனக்குப் பெரிய காரியமில்லீங்க. சூறாத்தா இல்லீன்னு சொன்னா நம்பாது. ருசு குடுத்தாச்சு. அதனால அவளை நல்லவளாக்கிப்போட்டேன். அவளுக்குப் புள்ளைகன்னா உசிரு. தூக்கிட்டுப் போறது திங்கறதுக்கில்லை, வளத்தறதுக்கு. மேல ஒரு ஊரு இருக்குது. அங்க பூராப் பஞ்சு மெத்தை. கீழ உளுந்தா அடிபடாது. மரத்துக்கு மரம் ஊஞ்சலு. ஆட்டுக்குட்டி ஆளுக்கொண்ணு. யாரும் வைய மாட்டாங்க, யாரும் தறிக்குப் போக மாட்டாங்க.

அந்தக் கடைசிய நான் சேத்துனதுந்தான் புள்ளைக வாயத் தொறந்துச்சுங்க. அம்மா தறிக்குப் போகாத ஊரு! அதுகளுக்கு அதுதான் பஞ்சு மெத்தை.

துளசி கிட்ட வந்து உக்கோந்துச்சு.

"அங்க என்ற தம்பி இருக்கறானா ஆயம்மா?"

"இருக்கறான் சாமி. அவனுக்குன்னு தனித் தொட்டலு."

"பாலு யாரு குடுக்கறா?"

"மேகம் குடுக்கும்."

"அவனைத் தூக்கி வெச்சுக்கறதுக்கு யாரு இருக்கறா?"

கேக்கற புள்ள கதைக்குள்ளாற வரோணும், அதானுங்க என்ற வழக்கம். "அவனுக்கு அங்க யாரையும் தெரியாதில்ல? அவங்கக்கா எப்ப வருவா, எப்ப வருவான்னு பாத்துக்கிட்டே இருக்கறான்"ன்னேன். வாயில தானா வந்துச்சு. துளசி மூஞ்சில அப்பிடி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்லீங்க. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. பத்தொம்பது வருசத்துல நான் கட்டுனதுலயே அதுதான் நல்ல கதைன்னு நெனச்சேன்.

புள்ளைகளுக்குப் பயம் போயே போச்சு. கவின் ஒரு துண்டை முதுகுல கட்டிக்கிட்டுத் தண்ணித் தொட்டிப் படில இருந்து குதிச்சுக் காலைச் செராய்ச்சுக்கிட்டான், அதுக்கு ஒரு வசவு வாங்குனேன். அது போகட்டும். கல்லு இல்லாம அத்தனையும் எடைக்கு நின்னுச்சு. சூப்பர்வைசரம்மாவே, "இப்பப் பரவால்லை"ன்னாங்க.

துளசி முட்டையக் கவினுக்குக் குடுத்துச்சு. நான் பாத்தேன். "பாருங்கடா, எப்பேர்ப்பட்ட மனசு, இந்தப் புள்ளையப் பாத்துப் பழகுங்க"ன்னேன். சோத்தை அந்தண்டை இருக்கற புள்ளை தட்டுல தள்ளுச்சு. அதுக்கும் மெச்சுனேன். டீச்சருதான் ஒரு நாளு, "மாராத்தா, துளசி சாப்புடறாளா?"ன்னு கேட்டாங்க. "சாப்புடறா டீச்சர்"ன்னேன். "நான் பாக்கறப்பவெல்லாம் தட்டு காலியாத்தான் இருக்குது. ஆனா வாயி அசையக் காணமே"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஊட்டறது நானு, தெரியாதா எனக்கு? மொறைச்சுக்கிட்டுப் பாத்தரம் தேய்க்கப் போயிட்டேன்.

டீச்சரு அவங்களாவே துளசியத் தூக்கித் தராசுல உட்டாங்க. எம்மேல நம்பிக்கையில்லாம, அவங்களே தூக்குனாங்க. ஒம்பதரைக் கிலோ. துளசி தொங்கிக்கிட்டே, "எறங்கியிருக்குதா டீச்சர்?"ன்னு கேட்டுச்சாம். ஆசையாக் கேட்டுச்சாம். டீச்சரு அப்பிடியே புள்ளைய ஸ்கூட்டர்ல முன்னால நிக்க வெச்சு, அவங்க துப்பட்டாவால இடுப்போட கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் அங்கியே இருந்தாங்களாம். நல்ல பேரு வாங்கறதுக்குத் தெரிஞ்சவங்க எப்பிடியும் வாங்கிக்குவாங்க.

அந்த முறுக்கை எடுத்துக்கங்க அம்மிணி, சும்மா கெடக்குது. வேண்டாமுங்களா? சரி.

நேத்து அவங்கம்மா சுகந்தி போன் பண்ணுனான்னு சொன்னனில்லீங்க. வைவான்னு நெனச்சேன். வாயத் தொறந்தா வையறவதான் அவ. வையுலீங்க. "ஆயம்மா, என்ன பண்றதுன்னே தெரியுல. டாக்டரு ஒண்ணு சொல்றாரு, நர்சு ஒண்ணு சொல்றாங்க. இவ யாரு சொன்னாலும் கேக்கறதில்லை. ஃபேனை வேகமா வெய்யின்னு மட்டும் சொல்றா. குளுருது, ஒடம்பு நடுங்குது, போர்வைய ஒதைச்சுத் தள்ளிப்போட்டு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஃபேனுக்குக் கீழ படுத்துக்கறா. இன்னும் வேகமா, இன்னும் வேகமாங்கறா. ஏனுங்க ஆயம்மா இப்பிடிப் பண்றா?"

போனைப் புள்ளைகிட்டக் குடுத்தா. குரலே இல்லை. குழாய் போட்டதால மூக்குல பேசுது. "ஆயம்மா, ஆடி முடிஞ்சிருச்சா?"ன்னுச்சு.

முடிஞ்சு பத்து நாளாச்சுங்க. காத்தும் நின்னுபோச்சு.

"முடிஞ்சிருச்சு சாமி"ன்னேன்.

"தம்பி அழுவானா?"ன்னுச்சு.

எனக்குக் கதை வருலீங்க அம்மிணி. எந்த நேரத்துல கேட்டாலும் வரும் எனக்கு. கை சோத்துல இருந்தாலும் வரும், சாணியில இருந்தாலும் வரும். நேத்து வருல. போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், அந்தப் பக்கம் அந்தப் புள்ள மூச்சு மட்டும் கேக்குது. நான் கொன்னுக்கிட்டு இருக்கறேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கல்லு வெச்சிருந்தப்பக்கூட அது தின்னுச்சுங்க. ஊஞ்சலும் ஆட்டுக்குட்டியும் குடுத்தேன் பாருங்க, அதுக்கப்பறந்தான் திங்கறதை உட்டுருச்சு.

அதனால இன்னிக்குக் கதை இல்லீங்க. ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். நேராப் போயி நெசத்தைச் சொல்லிப்போடறேன். நாலே நாலு வார்த்தை. காலைல இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன். நீங்களும் கேளுங்க, நான் எதாவது சேத்துனா நிறுத்துங்க. எனக்கு அந்த வியாதி இருக்குது.

"துளசி, உன்ற தம்பி செத்துப்போயிட்டான். மேல ஊரு கெடையாது. சூறாத்தா கெடையாது. ஆயம்மா பொய் சொல்லிப்போட்டேன். அவன் உன்னையத் தேடுல, அவன் இப்ப நிம்மதியா…" பாத்தீங்களா? நிம்மதியான்னு ஆரம்பிச்சுட்டேன். அதுக்கப்பறம் எங்க நிம்மதியா, யாரு மடிலன்னு வரும். மறுக்கா அங்கியே போயி நிக்கும்.

மறுக்காச் சொல்றேன். "துளசி, உன்ற தம்பி செத்துப்போயிட்டான். அவனை மண்ணுல பொதைச்சுட்டாங்க. எங்கியும் போகுல. நீ லேசானா அவன்கிட்டப் போக முடியாது. நீயும் செத்துத்தான் போவே. அப்ப உங்கம்மா அழுவா, நானும் அழுவேன்." அவ்வளவுதான். இது பரவால்லீங்களா? சேக்குலியே ஒண்ணும்? அழுவேன்னது நெசந்தானுங்க.

கேட்டுக்குவா. அழுவா. அழுதா அழுகட்டும். ஆனா அம்மிணி, அவ கேள்வி கேக்காம உட மாட்டா. ஆயம்மா, தம்பி ஏன் செத்தான்னு கேப்பா. நான் நெசந்தான் சொல்லோணும், இன்னிக்கு நெசத்தைத் தவிர எதையும் சொல்றதில்லைன்னு போறேன். நெசம் என்னன்னு உங்களுக்கே தெரியும். டாக்டரு சொன்னதும் அதான், நான் மொளகாய் கிள்ளிட்டுச் சொன்னதும் அதான். எடை பத்துலீங்க அவனுக்கு.

அதைச் சொன்னா திங்க ஆரம்பிச்சுருவாளா, இல்லை பயந்து மறுக்காக் கல்லைத் தேடுவாளா? சொல்லட்டுங்களா, வேண்டாமுங்களா? உங்களுக்கும் புள்ளைக இருக்குமில்லீங்க. அம்மிணி, சீக்கிரஞ் சொல்லுங்க. ஸ்டாப்பு வந்துருச்சு.